உப்புக் காற்றில் ரசாயனத் தொட்டி: எதில் செய்வது? ராமநாதபுரம் கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மண்டபத்தில் கடற்பாசி, வாலிநோக்கத்தில் உப்பு, நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ராமநாதபுரம் கரையில் ரசாயனம் சார்ந்த தொழில் என்றால் பெரும்பாலும் கடலைச் சுற்றித்தான். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் கடற்பாசிச் சாறு, இறால் ஓட்டிலிருந்து கைட்டோசன், உப்பளத்தின் கசப்பு நீர் (உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீர்) என்றுதான் பேசுகிறார்கள். டேங்க், பம்ப், பைப் எதில் செய்வது என்பதில் அவர்கள் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இங்கே. அழுத்தம் உள்ள பாத்திரம் என்றால் இந்தப் பக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு விதிநூல்படி வடிவமைக்கும் பொறியாளர் வேண்டும்.

உள்ளே இருக்கும் திரவம் ஒன்றுதானே? மதுரையில் நன்றாக ஓடும் டேங்க் மண்டபத்தில் ஏன் ஓடாது?

உள்பக்கம் ஓடும். வெளிப்பக்கம்தான் சிக்கல்.

கடல் காற்றில் வருவது வெறும் சோற்றுப்பு இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சோற்றுப்பு ஈரத்தை இழுத்துக் கரைய வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் இருக்க வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் நம் கரையில் உப்புப் படிந்த தகடு நண்பகல் வெயிலில்கூட முழுசாகக் காய்வதில்லை. கண்ணுக்கு உலர்ந்த மாதிரி தெரியும். விரலால் தடவினால் பிசுபிசுக்கும்.

மழையும் இங்கே ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மற்ற மாதங்களில் படிந்த உப்பைக் கழுவ ஆளில்லை. கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடை அடிக்கும்போது பாக் விரிகுடாப் பக்கமும் உப்பு வாங்கும். மண்டபம், பாம்பன் பக்கம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஒரு டேங்கைச் சுற்றி வந்து பார்த்தால், மழை நேராக விழும் மேல்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும். அடிவயிறு, தாங்குகாலுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள சந்து, பெயர்ப்பலகையின் பின்புறம், ஏணிப் படியின் அடி ஆகியவை முதலில் போயிருக்கும். மழை படாத இடம்தான் இங்கே மோசமான இடம்.

பாம்பன் ரயில் பாலத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் மேலே பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியின் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை.

பட்டறைக்காரரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஆசிட் டேங்க் வேண்டும்" என்று சொன்னால் போதாது. எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி சூடு, ஓடிக்கொண்டிருக்குமா தேங்கி நிற்குமா, காற்று படுமா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் பலர் விட்டுவிடும் மூன்று விஷயங்கள்: அதில் கலந்து வரும் அழுக்கு என்ன, எதை ஊற்றிக் கழுவுவீர்கள், வேலை இல்லாத நாட்களில் உள்ளே என்ன நிற்கும். பாத்திரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வீணாகின்றன. சோடியம் சல்பேட் கரைசல் என்று எழுதியிருப்பார்கள். அதைக் கலக்க உப்புத்தண்ணீர் எடுக்கிறோம் என்பதை எழுதியிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

முடியாது. கையில் காசு இருப்பவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான்.

304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். இந்த எஃகுகளைக் காப்பது மேலே தானாக உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலத்துக்கு எமன் குளோரைடு. படலம் ஒரு புள்ளியில் உடைந்தால் அங்கே மட்டும் ஊசி குத்தினாற்போல் குழி இறங்கும். 6 மி.மீ. தகட்டில் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்க, ஒரு ஓட்டையில் சொட்டிக்கொண்டிருக்கும்.

சாதாரண வெப்பத்தில், அமிலம் இல்லாத தண்ணீரில், குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை 304, 1000 வரை 316 என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் இந்த எண்கள் சரசரவென்று இறங்கும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எந்தத் தரம் குழி அரிப்பை எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது: குரோமியம் சதவீதம், கூட்டல் 3.3 மடங்கு மாலிப்டினம், கூட்டல் 16 மடங்கு நைட்ரஜன். 304-க்கு 18, 19 வரும். 316எல்-க்கு (கார்பன் குறைந்த 316) 24 அளவில். அதைவிட உயர்ந்த வகையான டூப்ளெக்ஸ் 2205-க்கு 35. சூப்பர் டூப்ளெக்ஸ் 2507-க்கு 40-க்கு மேல். கடல்நீரில் நம்பி விட வேண்டுமானால் 40-ஐத் தாண்ட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை.

இன்னொரு ஆபத்து, விரிசல். இழுவிசை, குளோரைடு, சூடு மூன்றும் சேர்ந்தால் 304, 316 இரண்டும் மரக்கிளை மாதிரி கிளைகிளையாக வெடிக்கும். சுமார் 60 டிகிரிக்கு மேல்தான் இது நடக்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் ஊரில் ஒரு உள்ளரங்க நீச்சல்குளத்தின் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குளத்திலிருந்து எழுந்த குளோரின் கலந்த ஆவி படிந்து படிந்து வெடித்திருந்தன. அங்கே கொதிக்கும் சூடெல்லாம் இல்லை. கழுவப்படாமல் படிந்த உப்பு, ஈரம், பாரம் இருந்தால் போதும். நம் ஊரில் ஹைப்போ (குளோரின் வெளுப்புத் திரவம்) டேங்குக்கு மேலே 304 கம்பியில் பைப்பைத் தொங்கவிடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் 316 என்று கொடுத்தது நிஜமாகவே 316-தானா?

காந்தத்தை வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். அதில் பயனில்லை. மலிவான 202-உம் காந்தத்தில் ஒட்டாது, 304-உம் ஒட்டாது, 316-உம் ஒட்டாது. நல்ல 304-ஐ வளைத்த இடத்தில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும்.

மாலிப்டினம் சோதனைத் திரவம் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க அது போதும். நிச்சயம் வேண்டுமானால் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் சோதனைக்காரரை அழையுங்கள். தகட்டை மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு விடாதீர்கள். வெல்டிங், ஃபிளேஞ்ச், வடிகால் குழாய் என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். ஆள் மாறாட்டம் சின்னச் சாமானில்தான் நடக்கும். அந்தத் துப்பாக்கியால் கார்பனை அளக்க முடியாது. ஆகவே 316-ஆ 316எல்-ஆ என்பதற்கு ஆலைச் சான்றிதழையும், தகட்டில் அடித்திருக்கும் ஹீட் எண்ணையும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) ஒத்துப் பார்க்க வேண்டும்.

வெல்டிங் செய்யும் பாத்திரத்துக்கு எல் தரமே வேண்டும். கார்பன் அதிகம் இருந்தால் வெல்டிங் சூட்டில் குரோமியத்தை அது இழுத்துக்கொள்ளும்; ஓரத்தில் ஒரு கோடு மட்டும் பலவீனமாகிவிடும்.

வெல்டிங் முடிந்ததும் நீலமும் பழுப்புமாக நிறம் தெரிகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கிறது. உப்புக் காற்று முதலில் அங்கேதான் கைவைக்கும். பிக்ளிங் பேஸ்ட் (அந்த அடுக்கை அரித்து எடுக்கும் அமிலப் பசை) தடவி எடுத்து, நன்றாகக் கழுவ வேண்டும். அந்தப் பேஸ்டில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டால் முதலில் வலிக்காது, பிறகு எலும்பு வரை போகும். கையுறை, முகக் கவசம் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். கால்சியம் குளுக்கோனேட் களிம்பைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

இரும்புக் கதவு செய்யும் அதே பட்டறையில் அதே கிரைண்டிங் சக்கரத்தை எஸ்.எஸ்.-இலும் ஓட்டினால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்துவிடும். ஒரே வாரத்தில் மஞ்சள் புள்ளிகள் வரும். "எஸ்.எஸ்.-உம் துருப்பிடிக்குது சார்" என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான். சக்கரம், கம்பி பிரஷ், மேசை எல்லாம் தனியாக இருக்கிற பட்டறையாகப் பாருங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எது?

எஸ்.எஸ். எதுவுமே வேண்டாம். 304, 316, டூப்ளெக்ஸ் எல்லாம் ஒன்றுதான், கரைந்துவிடும். கடையில் கிடைக்கும் 30, 33 சதவீத அமிலத்துக்குச் சாதாரண வெப்பத்தில் எச்.டி.பி.இ., பி.பி. என்ற பிளாஸ்டிக்குகள், வினைல் எஸ்டர் ரெசினில் செய்த எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்), அல்லது உள்ளே ரப்பர் லைனிங் செய்த எம்.எஸ். (சாதாரண இரும்பு) டேங்க் போதும். சூடாக்கி வேலை செய்வதானால் கண்ணாடி லைனிங் பாத்திரமும் கிராஃபைட் வெப்பமாற்றியும் வேண்டும். செலவு வேறு கணக்கு.

ரப்பர் லைனிங் டேங்கில் ஒரு விஷயத்தைப் பெயின்டால் பெரிதாக எழுதி வையுங்கள்: வெளியே எந்த வெல்டிங்கும் செய்யக்கூடாது. ஏணிக்கு ஒரு கிளிப் வைக்கிறேன் என்று யாராவது ஒரு டாக் (புள்ளி வெல்டிங்) அடித்தால், உள்ளே அந்த இடத்தில் ரப்பர் கருகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அமிலம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

டேங்கின் மூச்சுக்குழாயிலிருந்து (காற்று போய்வரும் குழாய்) வரும் புகையும் கவனிக்க வேண்டியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மற்ற கருவிகளை வைத்துவிடலாம் என்பார்கள். கச்சானும் வாடையும் மாறி மாறி அடிக்கும் கரையில் எதிர்ப்பக்கம் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. புகையைத் தண்ணீரில் கரைத்துப் பிடிக்கும் ஸ்கிரப்பர் வைத்துத்தான் ஆக வேண்டும்.

கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்பு டேங்கில் வைக்கிறார்களே, அது எப்படி?

98 சதவீத அமிலம் இரும்பைத் தொட்டதும் இரும்பு சல்பேட் படலம் ஒன்று உண்டாகிறது. அந்தப் படலமே கவசம். அமிலம் அடர்த்தியாக, ஆறியதாக, அசையாமல் இருக்கும்வரை அது நிற்கும். பைப்பில் ஓடும் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் படலம் கழன்றுவிடும். வளைவுகளில் முதலில்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அடர்ந்த கந்தக அமிலம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பகலில் டேங்க் சூடேறி உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும். ராத்திரி ஆறும்போது ஈரமான கடல் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் அமிலத்தின் மேல்மட்டத்திலும், சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்திலும் போய்ச் சேரும். அடியில் 98 இருக்கும்போது மேலே சுவரில் 60, 70 ஆகிவிடும். அந்த அளவுக்கு நீர்த்த அமிலம் இரும்பை வேகமாகத் தின்னும். டேங்கின் நடுவிலும் அடியிலும் தடிமன் அளந்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள்; திரவ மட்டத்துக்குச் சற்று மேலே வட்டமாக மெலிந்திருக்கும்.

மருந்து எளிது: மூச்சுக்குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி. நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். வைத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் அதிகம். எனக்கு ஒரு ஆலையில் காட்டிய உலர்த்தியில் ஜெல் கஞ்சி மாதிரி ஆகிக் கிடந்தது.

இன்னும் இரண்டு. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கவாட்டு மேன்ஹோலின் கழுத்தில் குமிழிகள் மேல்பக்கமாக ஊர்ந்து போய்ப் போய்ப் படலத்தைச் சுரண்டிப் பள்ளம் போட்டுவிடும். தடிமன் அளக்கும்போது கழுத்தின் 12 மணிப் பக்கத்தை விடாதீர்கள். அதே ஹைட்ரஜன் டேங்கின் மேல்பகுதியில் தேங்கியிருக்கும். காலி டேங்க்தானே என்று வெல்டிங் டார்ச்சோடு ஏறினால் உயிர் போகும். வாயு அளந்து, காற்றை மாற்றி, எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே நெருப்பு.

இறால் ஓட்டு வேலைக்கு ஒரே பாத்திரத்தில் அமிலமும் காஸ்டிக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடு) ஊற்றலாமா?

செலவு மிச்சம் என்று எல்லோரும் முதலில் நினைப்பது இதுதான். ஓட்டில் இருக்கும் சுண்ணத்தை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்தை எடுக்க நீர்த்த காஸ்டிக், கைட்டோசனாக மாற்ற 40, 50 சதவீத காஸ்டிக்கைச் சூடாக. முதல் இரண்டு படிகளைச் சூடு அதிகம் இல்லாமல் செய்தால் பி.பி. அல்லது எஃப்.ஆர்.பி. தொட்டி இரண்டுக்கும் ஒத்துவரும். மூன்றாவதற்குத் தனிப் பாத்திரம் வாங்குங்கள்.

சாதாரண இரும்பு 50 சதவீத காஸ்டிக்கை அறை வெப்பத்தில் தாங்கும். சூடாக்கினால் வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும். வெல்டிங்குக்குப் பிறகு சூடுபடுத்தி இறுக்கத்தைத் தளர்த்தியிருந்தால் கொஞ்சம் மேலே போகலாம். நிஜமாகவே சூடான, அடர்ந்த காஸ்டிக்குக்கு உரிய உலோகம் நிக்கல். விலை கேட்டதும் நாற்காலியைத் தேடுவீர்கள். நடைமுறையில் வெளியே சூட்டுறை போட்ட 316எல் பாத்திரத்தில், சூட்டைக் கொதிநிலைக்கு நன்றாகக் கீழே வைத்துக்கொண்டு பலர் ஓட்டுகிறார்கள். அதில் ஒரு வாளி அமிலத்தைக்கூட ஊற்றக்கூடாது, இறால் ஓட்டை உப்புப் போகக் கழுவித்தான் போட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு.

அலுமினியம், ஜி.ஐ., துத்தநாகப் பூச்சு எதையும் காஸ்டிக் பக்கத்தில் விடாதீர்கள். அலுமினிய வாளியில் காஸ்டிக் எடுத்தால் ஹைட்ரஜன் பொங்கும்.

கடற்பாசி வேலைக்கு?

கப்பாஃபைக்கஸ் பாசியைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைக்கும் கட்டத்தில் எஸ்.எஸ். பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பாசியில் பொட்டாசியம் குளோரைடு நிறைய இருந்தாலும் காரம் குழி அரிப்பைத் தடுத்துவைக்கிறது. பிரச்சினை அடுத்த கட்டத்தில். காரத்தை வடித்துவிட்டுக் கழுவுகிறோம். கார அளவு இறங்கிவிடும், குளோரைடு அப்படியே இருக்கும், பாத்திரம் இன்னும் சூடாக இருக்கும். அந்த நிலையில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போனால் 304-இல் குழி விழும். கழுவும் தொட்டியைத் தனியாக பிளாஸ்டிக்கில் வைத்துவிடுவது என் யோசனை.

வெளுப்பாக்க ஹைப்போ சேர்ப்பதானால் அந்தத் தொட்டியும் பிளாஸ்டிக்தான்.

ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) என்ன டேங்க்?

எச்.டி.பி.இ., பி.வி.சி., வினைல் எஸ்டர் எஃப்.ஆர்.பி. உலோகம்தான் வேண்டும் என்றால் டைட்டானியம் மட்டும். எஃப்.ஆர்.பி.-யில் உள்பக்க மெல்லிய அடுக்குக்குக் கண்ணாடி நாரைத் தவிர்த்து செயற்கை இழை வலை போடச் சொல்லுங்கள், காஸ்டிக்குக்கும் அப்படியே. நிழலில் வையுங்கள், வெயிலும் சூடும் அதைச் சிதைக்கும். இரும்பு, செம்பு, நிக்கல் துகள் கொஞ்சம் விழுந்தாலும் வேகமாகச் சிதைந்து வாயு விடும்.

அதனால்தான் சாதாரண பந்து வால்வு இங்கே ஆபத்து. மூடும்போது பந்தின் துளைக்குள் கொஞ்சம் ஹைப்போ சிக்கிக்கொள்ளும். அது சிதைந்து வாயு பெருகி, போக வழியில்லாமல் வால்வு வெடிக்கும். திரவம் வரும் பக்கமாகப் பந்தில் ஒரு சின்னத் துளை போட்ட வால்வு விற்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும். அமில டேங்கின் வாயும் ஹைப்போ டேங்கின் வாயும் ஒரே அளவில் இருக்கவே கூடாது. லாரிக்காரர் குழாயை மாற்றிச் செருகினால் குளோரின் வாயு கிளம்பும்.

கடல்நீர் பம்ப், பைப், கசப்பு நீர்?

குறைந்த அழுத்தம் என்றால் எச்.டி.பி.இ. அல்லது எஃப்.ஆர்.பி. பைப். அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உயர் அழுத்தப் பக்கத்துக்குச் சூப்பர் டூப்ளெக்ஸ். 316 பம்ப் ஓடும்போது நன்றாகவே இருக்கும். நிறுத்தி உள்ளே கடல்நீரை விட்டுவைத்தால் தேங்கிய இடத்தில் குழி விழும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ ஒரு இணைப்பு வைத்துவிடுங்கள். வெப்பமாற்றிக் குழாய்க்கு 90-10 செம்பு-நிக்கல் நல்லது, தண்ணீரில் சாக்கடை கலந்து சல்பைடு இல்லாதவரை.

கசப்பு நீரைச் சூடாக்கி வற்றவைப்பது வேறு மட்டம். ரப்பர் லைனிங், எஃப்.ஆர்.பி., டைட்டானியம் என்று போக வேண்டும். டைட்டானியமும் 80 டிகிரிக்கு மேலான உப்புக் கரைசலில் கேஸ்கெட் சந்துகளில் அரிக்கலாம். புரோமின் எடுக்கப் பழைய காலத்தில் கோபுரங்களைக் கருங்கல்லிலேயே கட்டினார்கள். அந்த யோசனைக்கு இன்றும் மரியாதை உண்டு. டைட்டானியம் ஈரமான புரோமினையும் குளோரினையும் தாங்கும், உலர்ந்ததில் நிற்காது. உலர்ந்த குளோரினில் தீப்பிடித்தே எரியும்.

பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் எத்தனை நாள் வரும்?

பி.பி. வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், கூரை போடுங்கள். கரி கலந்த கறுப்பு எச்.டி.பி.இ. பரவாயில்லை. சூட்டு வரம்பைப் பொறுத்தவரை பி.வி.சி., எச்.டி.பி.இ. 60 டிகிரி, பி.பி. 80-90, சி.பி.வி.சி. 90 அளவில், பி.வி.டி.எஃப். 140 வரை. நம் வெயிலில் கறுப்பு டேங்கின் சுவர் காற்றைவிட நன்றாகவே சூடாகும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எஃப்.ஆர்.பி. வாங்கும்போது, ரெசின் நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க உள்பக்கம் அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் திருப்பி அனுப்புங்கள். வெட்டிய ஓரங்களில் நார் தெரியக்கூடாது, ரெசின் பூசி அடைத்திருக்க வேண்டும்.

டேங்கைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிறார்கள். போர் தண்ணீர் போதாதா?

ராமநாதபுரம் கரையில் போர் தண்ணீரின் ருசி உங்களுக்கே தெரியும். எஸ்.எஸ். பாத்திரத்தை அந்தத் தண்ணீரில் நிரப்பிச் சோதித்துவிட்டு, வடிகாலில் கொஞ்சம் மிஞ்சவிட்டு, மூடி வைத்தால், வேலை தொடங்கும் முன்பே அடியில் குழி விழுந்திருக்கும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு அடர்த்தியாகும்; சேற்றில் கிருமிகளும் வளரும். குளோரைடு 50 மில்லிகிராமுக்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரானாலும் அளந்து பாருங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். சோதனை முடிந்த அன்றே வடித்து, துடைத்து, காற்றடித்து உலர்த்த வேண்டும்.

டேங்க் நிற்கும் கான்கிரீட் மேடைக்கும் இதே கதை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது.

வெப்பக் காப்பு சுற்றினால் வெளிப்பக்கம் தப்பிக்குமா?

நேர்மாறு. தகரத்தின் இணைப்பு வழியாக உப்பும் மழையும் உள்ளே போகும், வெளியே வராது. 50 முதல் 150 டிகிரி வரை ஓடும் கருவிகளில் காப்புக்கு அடியில்தான் மறைவான அரிப்பு அதிகம். எம்.எஸ். என்றாலும் எஸ்.எஸ். என்றாலும் காப்பு சுற்றும் முன் பெயின்ட் அடியுங்கள். ஆள் சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக மட்டும் காப்பு என்றால், அதை எடுத்துவிட்டுக் கம்பி வலைக் கூண்டு வையுங்கள். காற்றோட்டமும் இருக்கும், பார்க்கவும் முடியும்.

எம்.எஸ். தாங்கிகளுக்கு எந்த பெயின்ட்?

துத்தநாகம் நிறைந்த எபாக்சி ப்ரைமர், நடுவில் எபாக்சி, மேலே பாலியூரிதேன். ஆனால் டப்பாவைவிட அடிவேலைதான் முக்கியம். பிளாஸ்ட் செய்த (துகள் வீசித் துரு நீக்கிய) தகட்டை மாலையில் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் ப்ரைமர் அடித்தால், ராத்திரி படிந்த உப்பின் மேல் அடிக்கிறீர்கள். ஒரு வருஷத்தில் கொப்புளம் வரும். நல்ல தண்ணீரில் கழுவி, உப்புச் சோதித்து, அன்றைக்கே அடிக்க வேண்டும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பம்) 3 டிகிரியாவது அதிகம் இருக்கட்டும். கடற்கரை மணலை எடுத்து பிளாஸ்ட் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உப்புக்கு உப்பு, நுரையீரலுக்கும் கேடு.

நட்டு, போல்ட், கேஸ்கெட் போன்ற சின்னச் சாமான்?

பெரிய எஸ்.எஸ். ஃபிளேஞ்சில் சின்ன ஜி.ஐ. போல்ட் போட்டால் போல்ட் பலியாகும். எஸ்.எஸ். தொட்டியில் பித்தளைக் குழாய் திருகினாலும் அப்படித்தான். இரண்டு உலோகம் சேர வேண்டியிருந்தால் சின்னது உயர்ந்ததாக இருக்கட்டும். கேஸ்கெட்டில் ஈ.பி.டி.எம். ரப்பர் காரத்துக்கும் நீர்த்த அமிலத்துக்கும் நல்லது, எண்ணெய்க்கு ஆகாது. விட்டான் ரப்பர் அமிலத்துக்கு நல்லது, சூடான காஸ்டிக்கில் போய்விடும். சந்தேகம் என்றால் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்).

பழைய டேங்க் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

உள்ளே முன்பு என்ன இருந்தது என்று எழுத்தில் தராவிட்டால் வேண்டாம்.

எந்த உலோகம் என்று கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. என்ன செய்வது?

தகடுகளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கை அளவில் மூன்று நான்கு தரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெல்டிங் கோடு, எடை போட்டு எண் அடித்து, பி.டி.எஃப்.இ. வாஷர் வைத்து, ஒன்றையொன்று தொடாமல் கம்பியில் கோர்க்க வேண்டும். ஒரு செட் திரவத்துக்குள், ஒன்று திரவ மட்டத்தில் பாதி நனைந்து, ஒன்று மேலே ஆவியில். நாலாவது செட் ஆலைக்கு வெளியே, கூரையின் இறவாரத்துக்கு அடியில், மழை படாத இடத்தில். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்து, கழுவி, எடை போடுங்கள். தேய்மானம் வருஷத்துக்கு 0.1 மி.மீ.-க்குள் என்றால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் வேறு பொருள் பாருங்கள். எடை குறையாமலேயே குழி விழலாம், அதனால் வாஷருக்கு அடியிலும் வெல்டிங் ஓரத்திலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது கட்டாயம். குழி இருந்தால் தகட்டின் தடிமனைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டு மாதம் மூடிவைக்கிறோம். அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

எஸ்.எஸ். பாத்திரங்களை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அடி வடிகாலைத் திறந்தே வைத்துவிடுங்கள்; வாயில் கொசுவலை கட்டினால் போதும். பம்புகளில் தேங்கியதை எடுக்க அடி பிளக்கைக் கழற்றுங்கள். கந்தக அமில டேங்கை மட்டும் காலி செய்ய வேண்டாம். அரைகுறையாகக் காலியான டேங்கின் சுவரில் ஈரம் சேர்ந்து அரிக்கும். முடிந்தவரை நிரப்பி, உலர்த்தியில் புது ஜெல் போட்டு, யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய் அதன் நிறத்தைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.